கை கொடுக்கப் போன சிஞ்ஞோரா

அன்று பகல் பதினொரு மணிக்கு, செத்தவீட்டுக்குப் போகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு, இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டின் சமையலறையில் தனியே இருந்தேன். கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கையில் செபமாலை. காலில் மட்டும் வீட்டுச் செருப்பு. மேசையில் சிஞ்ஞோராவின் டேப்லெட் சீனிப் போத்தலில் சாய்ந்து நின்றது.

அதற்குள் ஒரு கோயில் தெரிந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஒரு மீன்பிடித் துறையில் இருக்கிற மாதா கோயில். அங்கே பூசைகளை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். கமராவைப் பாட்டுக்காரர் நிற்கும் மேல்தட்டில் பூட்டியிருந்ததால் எல்லாருடைய முதுகும்தான் தெரிந்தது. பீடத்துக்கு முன்னால் ஒரு சவப்பெட்டி, அதன்மேல் மஞ்சள் பூ.

சனம் வரிசையாக முன் இருக்கை வாங்கிலுக்குப் போய், செத்தவவின் ஆட்களுக்குக் கை கொடுத்துவிட்டு நகர்ந்தது. அந்த வரிசையில் ஒரு சாம்பல் நிறக் கோட் மெல்ல மெல்லப் போனது. முதுகைப் பார்த்தே அறிவேன். அந்தக் கோட்டுக்கு முதல்நாள் தெறி தைத்தவள் நான். அவதான் என் சிஞ்ஞோரா, நான் வேலை செய்யும் வீட்டு அம்மா. எண்பத்தொரு வயது, இரண்டு முழங்காலும் சரியில்லை, கையில் பொல்லு.

அவவுக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். பிறகு இரண்டு பேர்.

"என்ர மாதாவே, அவன் கையைக் குடுக்கவேணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

அவன் யார், அவன் கை கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அந்த வரிசை அப்படியே நிற்கட்டும். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

உமக்கு என்ன செய்து தரவேணும்?

போன கிழமை இந்தப் பத்தியில் என் முதலாவது வேலைவீட்டைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, துடைத்த தரையை விரலால் தடவிப் பார்க்கும் அந்த மனுசியை. அதைப் படித்துவிட்டுப் இதே ஊரின் போர்கோ வெக்கியோப் பகுதியிலிருந்து என் தோழி பிலோமினா போன் எடுத்தாள். "ஏனடி, உனக்கு இஞ்சை நல்ல சனம் ஒண்டும் வாய்க்கேல்லையோ? இப்பிடி எழுதினால் ஊரில என்ன நினைப்பினம்?" என்றாள்.

சரி பிலோ, இந்தக் கிழமை உனக்காக. ஆனால் சிஞ்ஞோரா நோரா நல்லவவா என்று நான் சான்றிதழ் தரப்போவதில்லை. அரசியல்வாதிக்குச் சான்றிதழ் கொடுக்க எனக்கென்ன விசரா?

எங்கள் பங்கில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர்தான் என்னை இந்த வீட்டில் சேர்த்துவிட்டார். வீட்டுக்காரி அயர்லாந்துக்காரி, இங்கிலிஸ் தெரிந்த பிள்ளை ஒன்று வேண்டுமாம் என்றார். பிள்ளைக்கு அப்போது ஐம்பது வயது. மன்னாரில் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் படித்த இங்கிலிஸ், அத்தனை வருசம் கழித்துப் பலெர்மோவில் சோறு போட்டது. நாங்கள் இருவரும் பேசுவது அந்த இங்கிலிசில்தான். அதை அப்படியே எழுதினால் எனக்கே வாசிக்க ஏலாது. ஆகையால் சிஞ்ஞோராவை இங்கே என் தமிழில் பேசவிடுகிறேன். அவவுக்கு அது பொருந்தும்.

முதல்நாள் காலை என்னைச் சமையலறை மேசையில் இருத்தி, சிவப்பு மட்டை போட்ட கொப்பி ஒன்றைத் திறந்து, பேனையை எடுத்தா.

"சொல்லும், ஸ்டெல்லா. உமக்கு நான் என்ன செய்து தரவேணும்?"

நான் திகைத்துப் போனேன். வேலைக்கு வந்தவள் நான். என்ன சமைக்க வேண்டும், எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று நான்தானே கேட்க வேண்டும்?

"எனக்கு ஒண்டும் வேண்டாம், சிஞ்ஞோரா."

"ஒண்டும் வேண்டாத ஆளை நான் இன்னும் காணேல்லை. யோசிச்சுச் சொல்லும்" என்று என் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, அதை வெறுமையாக விட்டா.

பிறகுதான் அறிந்தேன், அது அவவின் தொழில்பழக்கம் என்று. சனிக்கிழமை காலைகளில் தன் ஊர் மதுக்கடையின் பின்னறையில் உட்காருவாவாம். சனம் வரிசையில் வரும். ஒருவருக்குப் பென்சன் வரவில்லை, ஒருத்திக்கு ஆஸ்பத்திரியில் திகதி கிடைக்கவில்லை, இன்னொருவர் வீட்டு வாசலில் பள்ளம். ஆளுக்கொரு வரி. அலுவல் முடிந்தால் வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். அந்தக் கொப்பிகள் இரண்டு அலுமாரி நிறைய இந்த வீட்டில் இருக்கின்றன. தூசி தட்டுவது நான்.

அப்படிச் சரி போட்டுப் போட்டே ஏறியவ. முதலில் மாவட்ட சபை. பிறகு டப்ளினில் நாட்டுப் பாராளுமன்றம், நடுவில் கொஞ்சக் காலம் துணை அமைச்சர். கடைசியில் ஐரோப்பியப் பாராளுமன்றம். அங்கே மாதம் ஒருமுறை எல்லாரும் கடதாசிகளைப் பெட்டியில் பூட்டி, லொறியில் ஏற்றி, பிரசல்ஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு இடம்மாறுவார்களாம். எத்தனை வீடு மாறினவள் நான், எனக்கே அதைக் கேட்கக் களைத்தது. அந்தப் பெட்டிகளில் பழையது ஒன்று எங்கள் சமையலறை மூலையில் இருக்கிறது. ஐரோப்பாவின் சட்டங்கள் கிடந்த பெட்டியில் இப்போது என் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கிடக்கின்றன.

பலெர்மோவுக்கு ஏன் வந்தா? அந்தப் பாராளுமன்றத்தில் மொழிபெயர்த்த ஒருவர் இந்த ஊர்க்காரர். பல வருசம் அவருடைய குரலை மட்டும் காதுக்குழாயில் கேட்டிருக்கிறா. பிறகுதான் முகத்தைக் கண்டாவாம். தேர்தலில் தோற்றபின் அவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தா. அவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. மிஞ்சியது ஐந்தறை வீடும், சரியாக வாயில் வராத இத்தாலியனும், நானும்.

சுவரில் பார்த்த பெயருக்கும் போவா

அவவின் நாட்டில் அரசியல்வாதி ஒருவர் தன் தொகுதியில் ஒரு செத்தவீட்டையும் தவறவிடக்கூடாது. அறிந்த ஆளோ அறியாத ஆளோ, போக வேண்டும். முன் வாங்கிலில் இருப்பவர்களுக்கு வரிசையாகக் கை கொடுத்து, "உங்கட துயரத்துக்கு வருந்துறன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வசனம். மிஞ்சிப் பேசினால் நடிப்பு என்று சனம் கண்டுபிடித்துவிடுமாம். கிழமைக்கு ஐந்து, ஆறு. பனிக்காலத்தில் ஒரேநாளில் மூன்று.

"சிஞ்ஞோரா, உண்மையைச் சொல்லுங்கோ. கவலையில போனனீங்களோ, வோட்டுக்குப் போனனீங்களோ?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இராது.

"முதல் பத்து வருசம் வோட்டுக்குத்தான். பிறகு எது எதெண்டு எனக்கே தெரியேல்லை."

பலெர்மோவில் செத்தவரின் பெயரைக் கறுப்புக் கரை போட்ட தாளில் அடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். பொலிதேயாமா நாடகசாலைப் பக்கம் அவவை நடக்கக் கூட்டிப்போனால் கடைக் கண்ணாடியைப் பார்க்கமாட்டா, அந்தத் தாளைத்தான் படிப்பா. ஒருமுறை போர்கோ வெக்கியோவில், முன்பின் தெரியாத மீன்கடைக்காரர் ஒருவருடைய அடக்கப் பூசைக்குள் நேராக நுழைந்துவிட்டா. நான் பின்னால் ஓடினேன். முன் வாங்கிலுக்குப் போய், முழுப்பெயரைச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தா. விதவை என் காதருகே வந்து, இந்த வெள்ளைக்காரி என் புருசனுக்கு என்ன உறவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டா. அரசியல்வாதி என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவவின் பார்வை இன்னும் மோசமாகிவிட்டது.

வெளியே வந்து சிரித்தேன். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. "கை குடுக்க இஞ்சை எனக்கு ஒருத்தரும் இல்லை, ஸ்டெல்லா" என்றா. அதோடு என் சிரிப்பும் நின்றுவிட்டது.

காலை பத்து மணிக்கு அவவின் ஊர் வானொலி. டேப்லெட்டில் கேட்பா. அந்த மாவட்டத்தில் இறந்தவர்களின் பெயர், ஊர், அடக்க நேரம் எல்லாம் வாசிப்பார்கள். எனக்கு அது புதினமே இல்லை. எங்கள் வீட்டிலும் வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் அப்பா கையை உயர்த்துவார், எல்லாரும் வாயை மூடுவோம். இப்போது கையை உயர்த்துவது சிஞ்ஞோரா. நான் கோப்பியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் பேசாமல் நிற்பேன். யாருடைய பெயரை எதிர்பார்த்துத் தினம் தினம் இப்படிக் கேட்கிறா என்று இரண்டு வருசமாக எனக்குத் தெரியாது.

மிக் என்ற சாரதி

ஒரு மழைநாளில் தானாகவே சொன்னா.

முப்பது வருசம் அவவின் காரை ஓட்டியவர் மிக். சாரதி மட்டும் இல்லை, தேர்தல் வேலை முழுக்க அவர் கையில். எந்த வீட்டில் எத்தனை வோட்டு, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை மனப்பாடம். அத்தனை ஆயிரம் செத்தவீட்டுக்கும் அவவைக் கொண்டுபோனவர், கோயில் வாசலில் காரோடு காத்து நின்றவர்.

அவர் திடீரென்று செத்துப்போனார். வியாழன் காலை அடக்கம். அதே வியாழன் பகல், ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு வாக்கெடுப்பு. பெரிய இழுவைப்படகுகள் கரையோரத்துக்கு வரக்கூடாது என்ற சட்டம். அவவின் ஊர்ச் சின்னப் படகுகளுக்கு அது வாழ்வா சாவா. ஒன்றிரண்டு வோட்டில் விழும் என்று எல்லாரும் சொன்னார்கள். சிஞ்ஞோரா தங்கிவிட்டா. சட்டம் நிறைவேறியது.

வெள்ளிக்கிழமை மிக்கின் வீட்டுக் கதவைத் தட்டினா. அவருடைய மனுசி பிரிஜிட் கதவைத் திறந்தா. பின்னால் மகன் கெவின். சிஞ்ஞோரா கையை நீட்டினா. பிரிஜிட் அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னாவாம்: "எல்லாற்றை செத்தவீட்டுக்கும் அவர் உங்களைக் கொண்டுபோனார். அவற்றை செத்தவீட்டுக்கு மட்டும் வர உங்களுக்கு வழி தெரியேல்லை." கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டா.

அடுத்த தேர்தலில் சிஞ்ஞோரா தோற்றா. எந்தப் படகுக்காரருக்காக அங்கே தங்கினாவோ, அதே படகுக்காரர் வோட்டுப் போடவில்லை. சொந்தச் சாரதியின் பெட்டிக்குப் பின்னால் நடக்காதவ எங்களுக்கு எதற்கு என்றார்களாம். பிரிஜிட்டுக்கு எத்தனையோ கடிதம் எழுதினா, பதில் இல்லை. "அவ போகும்போதாவது நான் போய் நிக்கவேணும். கெவின்ர கையைப் பிடிக்கவேணும். அதுக்குத்தான் தினம் கேட்கிறன்" என்றா.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. எங்கள் பேசாலையில் இழுவைப்படகு அறுத்த வலையோடு அப்பா கரையேறிய காலைகளை நான் அறிவேன். "என்ர அப்பா உங்களுக்குத்தான் வோட்டுப் போட்டிருப்பார்" என்றேன்.

"உம்மடை அப்பாவுக்கு அங்கை வோட்டு இல்லையே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தா.

அந்தச் சிரிப்பில் எனக்கு ஏனோ கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்கு விமானம் இருந்தது, சிஞ்ஞோரா. போகாமல் இருந்தனீங்கள். எனக்குப் போக வழியே இல்லை."

அப்பா செத்தபோது என் முதல் பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, இன்னும் கைக்கு வரவில்லை. நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பமே செத்துவிடும் என்று குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் சொன்னார்கள். தம்பி போனைப் பிடித்து அடக்கத்தைக் காட்டினான். அவன் அழுதுகொண்டு பிடித்ததில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சேமக்காலைப் புதைகுழி மணலும் ஆட்களின் கால்களும்தான். பிறகு அதுவும் அறுந்துவிட்டது. அன்று திங்கட்கிழமை. நான் ஒரு வீட்டு மொட்டைமாடியைக் கழுவிக்கொண்டிருந்தேன், அதைக் கழுவி முடித்தேன். எங்கள் சனம் ஞாயிறு பூசைக்குத்தானே ஒன்றுசேரும். அதுவரை ஆறு நாள் ஒருவரும் வந்து என் கையைத் தொடவில்லை.

இதையெல்லாம் கொட்டிவிட்டு நிமிர்ந்தால், சிஞ்ஞோரா சிவப்புக் கொப்பியில் என் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறா.

"அப்பாவின்ர பேர்?"

"சந்தியோகு. எழுதி என்ன செய்யப் போறியள்? அது முடிஞ்ச அலுவல்."

"ஊர்? தொழில்?" என்று கேட்டுக் கேட்டு, வெறுமையாகக் கிடந்த அந்த வரியை நிரப்பினா. "என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. ஆனா கேட்டதை எழுதாமல் விட்டதில்லை."

பெயர் வந்த காலை

அது நடந்து இரண்டு வருசம் கழித்து, ஒரு திங்கட்கிழமை வானொலியில் மூன்றாவது பெயராகப் பிரிஜிட் வந்தா. சிஞ்ஞோராவின் உயர்த்திய கை அப்படியே நின்றது. அடக்கம் புதன் காலை பத்து மணிக்கு, எங்கள் நேரம் பதினொன்று.

"நான் போறன்."

"எப்பிடிப் போறது? வாசல் படியே உங்களுக்கு ஏலாது."

என்னால் அவவோடு கூடப் போக முடியாது. இத்தாலிப் பெர்மெசோ அயர்லாந்துக்குச் செல்லாது, அதற்கு வேறு விசா, கிழமைக்கணக்கில் எடுக்கும். டொக்டர் பறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். டப்ளினில் இருக்கும் சிஞ்ஞோராவின் தமக்கை மகள் பின்னேரம் போன் எடுத்து, சின்னம்மா ஒரு இடமும் வெளிக்கிடக்கூடாது, ஏதும் நடந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று என்னிடம் அழுத்திச் சொன்னா. அவ சொன்னதில் பிழை இல்லை. ஏதும் நடந்தால் என் வேலை போகும், வேலை போனால் பெர்மெசோவும் புதுப்பிக்க முடியாது.

"சிஞ்ஞோரா நித்திரை" என்று சொல்லிப் போனை வைத்தேன். சிஞ்ஞோரா எனக்கு முன்னால் இருந்து கறுப்புச் சப்பாத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தா.

ஏன் விட்டேன் என்று பிலோ இன்றுவரை ஏசுகிறாள். "கிழவி வழியில செத்திருந்தால் உன்ர கதி என்னடி?" என்கிறாள். நியாயமான கேள்வி. ஆனால் செத்தவீட்டுக்குப் போக வேண்டும் என்று நிற்கிற ஒருத்தியை மறிக்க என்னால் ஏலாது. என்னை மறித்தார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய் விடியக் கோட்டில் தெறியைத் தைத்தேன். மருந்துகளை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டினேன். என் போன் இலக்கத்தைக் கடதாசியில் எழுதிக் கோட்டின் உள்பக்கம் ஊசி குத்தினேன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. விமான நிலையத்தில் சக்கர நாற்காலியோடு சீருடைப் பெண் ஒருத்தி வந்தா. சிஞ்ஞோரா அவவுக்குக் கை கொடுத்து, பெயர் கேட்டு, எந்தப் பகுதி என்றும் விசாரித்தா. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போகும்வரை அவவின் வாய் ஓயவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். நாலு வருசத்தில் முதல்தடவையாக அந்த ஐந்தறை வீட்டில் நான் மட்டும். இரண்டு பேருக்குச் சூப் வைத்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

முதுகுகள்

இனி அந்த வரிசைக்கு வருவோம்.

சிஞ்ஞோராவுக்கு முன்னால் நின்ற கடைசி ஆளும் நகர்ந்தார். முன் வாங்கிலில் கெவின், நரைத்த தலை, அகலமான முதுகு. சிஞ்ஞோரா பொல்லை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நீட்டினா. எத்தனை ஆயிரம் தரம் நீட்டிய கை.

அவன் கொடுக்கவில்லை.

ஏசவும் இல்லை, எழும்பவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டான். நீட்டிய கை நின்றது. பின்னால் வரிசை நின்றது. நான் மேசையில் அடித்து, "டேய், எண்பத்தொரு வயசுக் கிழவியடா!" என்று கத்தினேன். பிறகு சிஞ்ஞோரா கையை மடக்கி, பொல்லை வலக்கைக்கு மாற்றி, நடுப்பாதை வழியே திரும்பி வந்தா. அப்போதுதான் முகத்தைக் கண்டேன். தோற்றுப்போன முகம்தான், வேறு என்ன சொல்ல. கடைசி வாங்கில்வரை நடந்தா. இடையில் எத்தனையோ வாங்கிலில் இடம் இருந்தது. ஒருவரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை, அவவும் கேட்கவில்லை.

பூசை முடிந்து, பெட்டி வெளியே போய், படம் நின்றுவிட்டது. கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது.

பின்னேரம் போன் எடுத்தா.

"கண்டனீரோ?"

"ஓம், கண்டனான். நாளைக்கே வந்திடுங்கோ, சிஞ்ஞோரா. அந்த ஊர் வேண்டாம்."

"விமானம் வெள்ளிக்கிழமை. நாளைக்கும் அதே நேரம் திறந்து வையும்."

"என்னத்துக்கு?"

"சொன்னதைச் செய்யும்" என்று வைத்துவிட்டா. குரலில் அழுகை இல்லை. துணை அமைச்சராக இருந்தபோது இப்படித்தான் பேசியிருப்பா போல.

ஆறு கிழவிகள்

வியாழக்கிழமை நான் ஒன்றும் உடுத்தவில்லை. ஏப்ரன் போட்டபடி, வெங்காயம் உரித்த கையோடு டேப்லெட்டைத் திறந்தேன். சாதாரண நாள் பூசை. கோயில் வெறும் வாங்கில். முன்னால் ஆறு கிழவிகள், நடுவில் சாம்பல் நிறக் கோட். நாலாவது வாங்கிலில் கெவின். அடக்கத்துக்கு மறுநாள் குடும்பம் பூசைக்கு வருவது அங்கேயும் வழக்கமாம்.

சுவாமியார் ஒரு தாளைப் பார்த்து, தட்டுத்தடுமாறி வாசித்தார். இன்றைய பூசை சந்தியோகு என்பவருக்காக. இலங்கையில் பேசாலை என்ற ஊரில் கடற்தொழில் செய்தவர். அவருடைய அடக்கத்துக்குப் போக முடியாத மகள் ஸ்டெல்லா, இப்போது பலெர்மோவிலிருந்து எங்களோடு இருக்கிறா.

ஆறு கிழவிகளும் திரும்பி, மேலே கமராவைப் பார்த்தார்கள்.

நான் எழும்பி நின்றுவிட்டேன். ஏப்ரனைக் கழற்றி எறிந்தேன். தலைமயிரைக் கையால் ஒதுக்கினேன். நேற்று முன்பின் தெரியாத மனுசிக்கு வெள்ளைச் சட்டை போட்டவள், இன்று என் அப்பாவின் பூசைக்கு வெங்காயக் கையோடு நிற்கிறேன். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருசம் வராமல் கிடந்த அழுகை. சிஞ்ஞோராவின் வெங்காயப் பெட்டியின்மேல் இருந்து வாய்விட்டு அழுதேன்.

பூசை முடிந்தது. சிஞ்ஞோரா எழும்பி, பீடத்துக்கு முன்னால் போய், கமராவைப் பார்த்துத் திரும்பி நின்றா. செத்தவரின் சொந்தக்காரர் நிற்கிற இடம் அது. என் இடம். கிழவிகள் ஒவ்வொருவராக வந்து அவவுக்குக் கை கொடுத்தார்கள். எல்லாரும் அந்தக் காலத்தில் அவவோடு வீடு வீடாக வோட்டுக் கேட்டுத் திரிந்தவர்களாம். முதல்நாள் பின்னேரம் முழுக்கப் போனில் பிடித்து ஆள் சேர்த்திருக்கிறா.

ஆறு பேரும் முடிந்தது. கெவின் மட்டும் வாங்கிலில் இருந்தான்.

சிஞ்ஞோரா கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் பொல்லின்மேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றா. துயரக்காரர் கை நீட்டுவதில்லை, வருகிறவர்தான் நீட்ட வேண்டும். துயரக்காரரைத் தனியே நிற்கவிட்டுக் கோயிலைவிட்டு வெளியேறுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. அவன் எழும்பினான். வாசலைப் பார்த்தான். பிறகு முன்னால் நடந்து வந்து, தன் கையை நீட்டினான்.

அவ அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தா. பொல்லு விழுந்தது. கெவின் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தா. சப்பாத்தைக் கழற்றிக் காலைச் சுடுதண்ணீரில் வைத்தேன். கால் வீங்கி மரம் மாதிரி இருந்தது.

"அவன் என்ன சொன்னவன்?"

"உங்கட துயரத்துக்கு வருந்துறன் எண்டான். வேறை ஒண்டும் இல்லை. அதுதான் வசனம்."

கொஞ்ச நேரம் கால்களைப் பிடித்துவிட்டேன். கேட்காமல் விட முடியவில்லை.

"சிஞ்ஞோரா, அந்தப் பூசையை என்ர அப்பாவுக்கெண்டு குடுத்தனீங்களோ, அவன்ர கைக்கெண்டு குடுத்தனீங்களோ?"

கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தா. "ரெண்டுக்கும்தான். நான் அரசியல்காரி, ஸ்டெல்லா."

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை எந்த அரசியல்வாதியும் அவருக்கு ஒரு வலைத்துண்டுகூட வாங்கிக் கொடுத்ததில்லை. அவரும் ஒருவர் வாசலுக்கும் போனதில்லை. செத்து இத்தனை வருசத்துக்குப் பிறகு, கண் காணாத ஊரில், ஒருத்திக்கு இழந்த கையை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

சிஞ்ஞோரா சிவப்புக் கொப்பியைக் கேட்டா. எடுத்துக் கொடுத்தேன். என் பக்கத்தைத் திறந்து, பேனையை என்னிடம் நீட்டினா.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் நானே சரி போட்டேன்.